ரெய்டு போட்ட லேப்டாப்!

'ரெய்டு' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அந்த வீட்டுப் பாட்டி கேட்ட முதல் கேள்வி, "யாரு வீட்லடா?" என்பதுதான். கும்பகோணத்தில் ஒரு சந்துக்குள் இருக்கும் சிறிய வீடியோ ஸ்டூடியோ அது. மாடியில் வீடு, கீழே கடை. வருமான வரித்துறை வந்து சோதனை போடும் அளவுக்கு அங்கே எதுவும் இல்லை. பேரன் பேசிக்கொண்டிருந்தது லேப்டாப்புக்குள் நடக்கப்போகும் ரெய்டு பற்றி.

ஆடி மாதம். முகூர்த்தம் கிடையாது. கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு ஓய்வும் அப்போதுதான், ரிப்பேர் வேலைகளும் அப்போதுதான். ஸ்டூடியோக்காரர் அந்த ஆடியில் செகண்ட் ஹேண்டில் ஒரு கேமிங் லேப்டாப் வாங்கியிருந்தார். இன்டெல் 10ஆம் தலைமுறை பிராசஸர், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு, உள்ளே எஸ்எஸ்டி செருக இரண்டு இடம். திருச்சியில் இன்ஜினீயரிங் படிக்கும் அக்கா மகன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, ரெண்டு ஸ்லாட் இருக்கு. ரெண்டு 1 டிபி வாங்கி ரெய்டு ஜீரோ போட்டுட்டா ராக்கெட் மாதிரி பறக்கும்" என்றான்.

அது ஒன்றும் புதிய யோசனை இல்லை. 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்துதான் ரெய்டு என்ற பெயர் பரவியது. விலை அதிகமான ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக, மலிவான சின்ன டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்துக் கட்டலாம். ஒன்று கெட்டாலும் மற்றவற்றை வைத்து மீட்கலாம் என்பது அவர்கள் வாதம். கட்டுரையில் 1 முதல் 5 வரை ஐந்து வகைகள் உண்டு. ஜீரோ அதில் இல்லை, பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. மீட்கும் வசதி பூஜ்யம் என்பதால்தான் அதற்கு அந்த எண். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. கேட்பவர்கள் காதில் 'வேகம்' மட்டும்தான் விழுகிறது.

லேப்டாப்பில் இதைச் செய்வதற்கு ஒரு காலத்தில் நியாயமான காரணம் இருந்தது. 2010இல் வந்த சோனி வயோ இசட் லேப்டாப்பில் நான்கு எஸ்எஸ்டிகளை ரெய்டு ஜீரோவாக இணைத்தே விற்றார்கள். அப்போது ஓர் எஸ்எஸ்டியின் வேகம் விநாடிக்குச் சில நூறு எம்பிதான். பின்னர் வந்த சாட்டா வகை எஸ்எஸ்டிகளும் சுமார் 550 எம்பியைத் தாண்ட முடியவில்லை. இன்று என்விஎம்இ வகையில் ஒன்றே ஒன்று 3,500 எம்பி தருகிறது. அடுத்த தலைமுறை 7,000. காரணம் போய்விட்டது, ஆசை மட்டும் மிச்சம்.

எப்படி வேலை செய்கிறது? ஒரு நாவலைப் பிரித்து ஒற்றைப்படைப் பக்கங்களை அண்ணனிடமும், இரட்டைப்படைப் பக்கங்களைத் தம்பியிடமும் கொடுத்துப் பிரதி எடுக்கச் சொன்னால், பாதி நேரத்தில் முடிந்துவிடும். ரெய்டு ஜீரோவும் அப்படித்தான். ஃபைலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒன்றை இந்த எஸ்எஸ்டியிலும் அடுத்ததை அந்த எஸ்எஸ்டியிலும் மாற்றி மாற்றி எழுதும். கோடு போட்ட துணி மாதிரி. இதற்கு ஸ்ட்ரைப்பிங் என்று பெயர் வந்ததும் அதனால்தான்.

ஸ்டூடியோக்காரரின் மனைவிதான் ஆல்பம் டிசைன், கணக்கு வழக்கு, பாக்கி வசூல் எல்லாம். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்ப்பா, ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணுல எல்லாம் இருக்குமா?"

"இருக்காது அத்தை. ரெண்டும் சேர்ந்துதான் ஒண்ணு. ஒண்ணு போனா மொத்தமும் போன மாதிரிதான்."

"புது சரக்கும்மா. அஞ்சு வருஷ வாரண்டி" என்றார் கணவர். பேச்சு அத்தோடு முடிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலை. சூயிங் கம் பட்டை அளவில் இரண்டு எஸ்எஸ்டிகள் உள்ளே போயின. பயாஸில் போய் ஸ்டோரேஜ் முறையை 'ஏஹெச்சிஐ' என்பதிலிருந்து 'ரெய்டு' என்று மாற்ற வேண்டும். ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் லேப்டாப்பில் சும்மா இதை மாற்றிவிட்டால், நீலத் திரை வந்து நின்றுவிடும். பிறகு அதே பயாஸில் இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் என்ற பகுதியில் இரண்டையும் தேர்ந்தெடுத்து, துண்டின் அளவை 128 கேபி என வைத்து, 'எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?' என்ற கேள்விக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். அதன்பின் விண்டோஸ் பென்டிரைவைச் செருகினால், எந்த டிஸ்க்கும் இல்லை என்றது. பலர் பயந்து கைவிடும் இடம் இது. இன்டெல்லின் டிரைவரை லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுத்து, பிரித்து, இன்னொரு பென்டிரைவில் போட்டுக் காட்டிய பிறகுதான், 1.8 டிபி கொண்ட ஒரே டிஸ்க் திரையில் தோன்றியது. பையன் கையைத் தட்டினான். மாமா காபி வாங்கிவரப் போனார்.

வேகத்தை அளந்தபோதுதான் முதல் சறுக்கல். தனியாக இருந்தபோது ஓர் எஸ்எஸ்டி விநாடிக்கு 3,400 எம்பி கொடுத்தது. இரண்டும் சேர்ந்து 6,800 வர வேண்டும் அல்லவா? வந்தது 3,500 சொச்சம்.

பழுது ஏதும் இல்லை. அந்தத் தலைமுறை லேப்டாப்பில் இரண்டு ஸ்லாட்டுகளும் சிப்செட் வழியாகத்தான் பிராசஸரை அடைகின்றன. சிப்செட்டுக்கும் பிராசஸருக்கும் இடையிலான பாதை விநாடிக்குச் சுமார் 4 ஜிபிக்கு மேல் விடாது. இரண்டு வாய்க்கால் நிறைய தண்ணீர் வந்தாலும், வெளியேறும் மதகு ஒன்றுதானே! டெல்டாக்காரருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையே இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால், புது விண்டோஸ் போட்ட எந்த லேப்டாப்பும் ஒரு வாரம் பறக்கத்தான் செய்யும். அதை ரெய்டின் மகிமை என்று நினைத்துக்கொண்டார்கள். போதாக்குறைக்கு, 1.8 டிபி ஒரே இடத்தில் விரிந்து கிடப்பது பார்க்கவே நிறைவாக இருந்தது.

உண்மையில் கல்யாண வீடியோவுக்கு அந்த வேகம் எங்கே தேவை? கணக்குப் போட்டால் தெரியும். அவருடைய கேமரா 4கேயில் விநாடிக்கு 100 மெகாபிட் பதிவு செய்கிறது. அதாவது 12.5 எம்பி. இரண்டு கேமரா காட்சிகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டு எடிட் செய்தாலும் 25 எம்பிதான். பழைய எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கே இதைத் தாங்கும். டைம்லைன் திக்கித் திணறுவதற்குக் காரணம் டிஸ்க் இல்லை. சுருக்கிப் பதிந்த வீடியோவை நொடிக்கு நொடி விரித்துக் காட்டப் பிராசஸர் படும் பாடு. அதற்கு மருந்து, ப்ராக்ஸி எனப்படும் சின்ன அளவுப் பிரதிகளை வைத்து எடிட் செய்வது. அதற்குச் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. கேமரா கார்டிலிருந்து லேப்டாப்புக்கு ஏற்றும் வேகமோ சாதாரணக் கார்டில் 90 எம்பி அளவில்தான். 3,500இல் ஏறக் காத்திருக்கும் எஸ்எஸ்டியின் வாசலில் 90இல் நடந்து வருகிறது கார்டு.

சுருக்கப்படாத, கனமான சினிமா வகைக் காட்சிகளை ஒரே நேரத்தில் பல அடுக்குகளாக ஓடவிடுபவர்களுக்கும், பெரிய பெரிய ஃபைல்களைத் தற்காலிகமாகக் கொட்டி வாரும் ஆய்வு வேலைக்காரர்களுக்கும் ரெய்டு ஜீரோ பயன்படலாம். அதுவும் வேறிடத்தில் பிரதி இருந்தால். கும்பகோணத்துக் கல்யாணத்துக்கு அது வேண்டியதில்லை.

ஆவணி பிறந்தது. வேலை குவிந்தது. ஆவணி முதல் வாரத்தில் ஒரு நிச்சயதார்த்தம். மூன்று மணி நேரம், இரண்டு கேமரா, 270 ஜிபி. பெண்ணின் அம்மாவழித் தாத்தா, மாப்பிள்ளை வீட்டாரிடம் தாம்பூலத் தட்டைக் கொடுத்துவிட்டு, மைக்கை வாங்கி பேத்தியைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசினார். தொண்டை அடைத்து, பாதியில் நிறுத்தி, சிரித்துச் சமாளித்து, மறுபடி பேசினார். புரட்டாசியில் அவர் இறந்துபோனார். ஐப்பசியில் குறித்த தேதியில் கல்யாணம் நடந்தது. "படம் ஆரம்பிக்கும்போது அப்பா பேசினதுதான் வரணும்" என்று பெண்ணின் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

முகூர்த்தமும் ரிசப்ஷனும் சேர்த்து இன்னொரு 800 ஜிபி. எல்லாம் அந்த 1.8 டிபிக்குள் ஏறின. இருந்த ஒரே எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. புதிது வாங்க எடுத்துவைத்திருந்த காசுதான் ஆடியில் இரண்டாவது எஸ்எஸ்டி ஆகியிருந்தது.

கல்யாணம் முடிந்த ஒன்பதாம் நாள் காலை, லேப்டாப்பை ஆன் செய்ததும் கறுப்புத் திரை. ரெய்டு பட்டியலில் சிவப்பு எழுத்தில் 'ஃபெயில்டு'. ஒன்றின் பெயர் இருந்தது. இன்னொன்று இருந்த சுவடே இல்லை. அன்று மாலையே பையன் திருச்சியிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டான். ஸ்லாட்டை மாற்றிப் போட்டார்கள். யுஎஸ்பி பெட்டியில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் செருகினார்கள். மூச்சு இல்லை. மூன்று மாதம்கூட ஆகாத சரக்கு.

ஓர் எஸ்எஸ்டி ஒரு வருடத்தில் கெட்டுப்போக நூற்றுக்கு 2 வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், இரண்டைச் சேர்த்துக் கட்டியதும் அது ஏறக்குறைய 4 ஆகிறது. வாய்ப்பு இரண்டு மடங்கு, இழப்பு மொத்தமும். உயிரோடு இருக்கும் எஸ்எஸ்டியில் பாதி வீடியோ இருக்குமே என்று தோன்றலாம். ஒரு மணி நேர வீடியோ மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியிருக்கிறது. வீடியோவின் ஒரு ஃப்ரேமுக்குச் சராசரியாக நாலு துண்டு. அதில் இரண்டு இங்கே, இரண்டு அங்கே. தாத்தாவின் முகத்தில் ஒரு ஃப்ரேம்கூட முழுசாக இல்லை.

சென்னை ரிச்சி தெருவில் ஒருவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "ஹார்டு டிஸ்க்கா இருந்தா போர்டை மாத்திப் பார்ப்பேன் சார். இதுல கன்ட்ரோலரே போயிருக்கு" என்றார். சிப்பில் தகவல் இருந்தாலும், அதை எந்த வரிசையில் எங்கே வைத்தோம் என்பது கன்ட்ரோலருக்குத்தான் தெரியும். பெரிய லேப் ஒன்றுக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து, முடியாது என்று திரும்பி வந்தது.

முழு நஷ்டம் ஆகாமல் காத்தது ஒரு முறுக்கு டப்பா. படம் கைக்குப் போய், பாக்கி வரும் வரை கார்டுகளை அழிக்கக் கூடாது என்பது மனைவி வகுத்த சட்டம். ஏழெட்டு கார்டுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, கல்யாண வீட்டார் பெயரை எழுதி, அந்த டப்பாவில் வைத்திருந்தார். முகூர்த்தமும் ரிசப்ஷனும் அப்படியே இருந்தன. ஒன்பது நாள் எடிட்டிங் மட்டும் போனது. ஆனால், நிச்சயதார்த்தக் கார்டுகள்? ஆவணிக் கடைசியில் ஒரே நாளில் இரண்டு கல்யாணம் வந்தபோது, "லேப்டாப்ல ஏத்தியாச்சு" என்று கணவரே அவற்றை எடுத்து அழித்துப் பயன்படுத்தியிருந்தார்.

அன்று அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. டப்பாவை மூடி வைத்துவிட்டு, "போன்ல சொல்லாதீங்க. நேர்ல போங்க" என்றார்.

போனார். பெண்ணின் அப்பா தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். விஷயத்தைச் சொன்னதும், உள்ளே இருந்த அம்மா வெளியே வந்து, எதுவும் கேட்காமல் நிலைப்படியில் சாய்ந்து நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு நிமிஷம்கூட இல்லையா தம்பி?" என்றார். இல்லை என்று சொல்வதற்குத்தான் அவர் கும்பகோணத்திலிருந்து அத்தனை தூரம் போயிருந்தார்.

கிளம்பி வாசலுக்கு வந்தபோது பெண்ணின் சித்தி மகன், கல்லூரி முதலாம் ஆண்டு, பின்னாலேயே வந்தான். "அண்ணா, தாத்தா பேசினப்போ நான் போன்ல எடுத்தேன். கொஞ்சம் ஆடும், பரவாயில்லையா?"

4 நிமிடம் 10 விநாடி. செங்குத்தாக எடுத்தது. பாதி நேரம் முன்வரிசையில் இருந்தவரின் தலை மறைக்கிறது. ஆனால், ஒலி தெளிவு. ஆல்பம் வேலைக்காக மனைவியின் கம்ப்யூட்டரில் நிச்சயதார்த்த போட்டோக்கள் தனியாக இருந்தன. தாத்தா இருந்தவை 38. தலை மறைக்கும் இடங்களில் எல்லாம் போட்டோவை வைத்து, அடியில் போன் ஒலியை ஓடவிட்டார். தொண்டை அடைத்து அவர் நிறுத்தும் இடத்தில் மட்டும் போன் வீடியோவையே, ஆட்டத்தோடு, அப்படியே விட்டார்.

இப்போது அந்த லேப்டாப்பில் இரண்டு எஸ்எஸ்டிகளும் தனித்தனி. ஒன்றில் வேலை, ராத்திரி படுக்கும் முன் அன்றைய வேலையின் பிரதி இன்னொன்றில். மூன்றாவது பிரதி எக்ஸ்டர்னலில், மாடி பீரோவில். லேப்டாப் முன்பைவிட மெதுவாக இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. கெட்டுப்போனதற்குப் பதிலாக வாரண்டியில் புதிது வந்துவிட்டது. நிறுவனம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. எஸ்எஸ்டிக்குத்தான் வாரண்டி, தாத்தாவுக்கு இல்லை.

தை மாதம் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, நிச்சயதார்த்தத்துக்கு உரிய தொகையைக் கழித்துக்கொண்டு பாக்கி கேட்டார். பெண்ணின் அப்பா முழுத் தொகையையும் கவரில் வைத்திருந்தார். வேண்டாம் என்று இவர் ஒரு பகுதியைத் திருப்பி நீட்ட, அவர் வாங்க மறுக்க, கடைசியில் அந்த அம்மா குறுக்கிட்டு, "அந்தக் காசுக்கு இதை இன்னும் நாலு பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க தம்பி. தம்பி தங்கச்சி வீட்டுக்கெல்லாம் ஆளுக்கு ஒண்ணு குடுத்து வைக்கணும்" என்றார்.