சவலைப் பிள்ளை

மண்முனைத்துறைக்குப் பாலம் வந்தது 2014 இல்தான். அதற்கு முன்னர் மட்டக்களப்பு வாவியைக் கடந்து படுவான்கரைக்குச் செல்வதானால் 'பாதை' ஏற வேண்டும். வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கு அங்கே அதுதான் பெயர். கிழக்கில் போர் ஓய்ந்த மறு வருடம், 2008 இல், மீள்குடியேற்றம் பற்றி எழுதுவதற்காக அவ்வாறு கடந்து சென்றேன்.

ஒரு கிராமத்துக் கிளினிக்கில், தராசிலிருந்து இறங்கிய சிறுமியைக் காட்டி, "மூன்று வயதா?" என்று கேட்டேன்.

"அஞ்சு முடியுது, ஐயா" என்றார் மருத்துவ மாது.

"எங்கட ஆக்களே கட்டைதான், தம்பி" என்றார் அம்மம்மா. பக்கத்தில் தாய், இடுப்பில் கைக்குழந்தையுடன் நின்றார்.

அம்மம்மாவின் சொல்லை அப்படியே நம்பினேன். பரம்பரை என்று கட்டுரையிலும் எழுதினேன். படித்த வைத்திய நண்பர் ஒருவர் தொலைபேசியில் என்னைக் கடிந்துகொண்டார். பரம்பரை என்று தீர்ப்புச் சொல்லுமுன் அந்தப் பிள்ளை என்ன சாப்பிட்டது என்று கேட்டாயா என்றார். கேட்டிருக்கவில்லை.

பிறகு தேடிப் படித்தேன். மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி வளர்ச்சி ஹோர்மோனைச் சுரக்கிறது. ஆனால் எலும்பை நீட்டுவதில் பெரும்பங்கு அதற்கு நேரடியாக இல்லை. அதன் கட்டளையை ஏற்று ஈரல் உண்டாக்கும், இன்சுலினை ஒத்த இன்னொரு பொருளே அந்த வேலையைச் செய்கிறது. உணவில் புரதம் குறைந்தால் ஈரல் அதைக் குறைத்துவிடுகிறது. கட்டளைக்குக் குறைவில்லை, பட்டினிப் பிள்ளையின் இரத்தத்தில் வளர்ச்சி ஹோர்மோன் வழமையைவிட அதிகமாகவே இருப்பதுண்டு. அது அப்போது உடற்கொழுப்பைக் கரைத்து உயிரைக் காக்கிறது. உயரம் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. சோறும் போதாவிட்டால், தின்ற மீன்கூட எரிபொருளாகத்தான் போகும். முதல் இரண்டு வருடங்களில் இழந்த உயரத்தை முழுமையாக மீட்பது கடினம்.

ஜமெய்க்காவில் பிறந்த வைத்தியர் சிசிலி வில்லியம்ஸ், இன்றைய கானாவில் பணியாற்றியபோது, உடல் வீங்கி நலிந்த குழந்தைகளைப் பற்றி 1933 இல் எழுதினார். அந்நோய்க்கு அவ்வூர்ப் பெண்கள் வழங்கிய பெயர் 'குவாஷியோர்க்கர்'. அடுத்த பிள்ளை பிறந்ததும் முன்னதைப் பற்றும் நோய் என்று பொருள். புரதக் குறைவு மட்டுமே அதற்குக் காரணமா என்று இன்றும் வாதிடுகிறார்கள். எனக்கோ வேறொன்று உறைத்தது. அடுத்த குழந்தைக்காகத் தாய்ப்பால் மறுக்கப்பட்டு மெலிந்த பிள்ளையைத் தமிழில் 'சவலை' என்கிறோம். சொல் நம்மிடமும் இருந்தது. தாயின் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தும் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

கிளினிக்கில் கொடுத்த திரிபோஷா மாப் பக்கற் வீட்டுக்குப் போனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்காகிவிடும் என்று மருத்துவ மாது சொல்லியிருந்தார். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் அந்த மாவுக்கே தட்டுப்பாடு வந்தது.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 20 கிராமுக்குச் சற்றுக் குறைந்த புரதம் போதும். 100 கிராம் மீன் அதைத் தந்துவிடும்.

அன்று மாலை என்னோடு பாதையில் ஏறிய லொறியில் இறால் பெட்டிகள் ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தன. கொழும்புக்குப் போகின்றன என்றார்கள். வீட்டுக்கு ஒன்றும் வைக்கவில்லையா என்று கூட வந்த மீனவரிடம் கேட்டேன்.

"பொடிமீன் கொஞ்சம் வைச்சிருக்கு."

புரதக் கணக்கில் பொடிமீன் இறாலுக்குக் குறைந்ததல்ல. அது வீட்டில் யாருடைய கோப்பைக்குப் போகும் என்பதையும் நான் கேட்கவில்லை.