160 ஏக்கரும் நாலு பரப்பும்

றெஜைனா, கனடா

அன்புள்ள அண்ணை,

"குளிரில் விறைக்கிற அந்த வட அமெரிக்கப் புல்வெளியில் சனம் எதுக்குக் குடியேறினது?" என்று கேட்டிருந்தீங்கள். வீரமுமில்லை, சாகசமுமில்லை. காணிதான் காரணம்.

அமெரிக்காவில் 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டப்படி, ஐந்து வருசம் குடியிருந்து பயிர் செய்தவனுக்கு 160 ஏக்கர் சொந்தம். 1872இல் கனடாவும் பத்து டொலர் கட்டணத்துக்கு அதே அளவு கொடுத்தது. எங்கட யாழ்ப்பாணக் கணக்கில் 2,560 பரப்பு! பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்தே நிலம் தேய்ந்துபோன உக்ரேனியக் குடியானவன் கப்பலேறாமல் இருப்பானா? வெட்டவெளியில் குடியேறினவர்களுக்கு வீடு கட்ட மரமில்லை. புல்வேரோடு மண்ணைப் பாளம் பாளமாக வெட்டியடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். மழை பெய்தால் கூரையிலிருந்து சேறு சொட்டும்.

அரசாங்கமும் தர்மத்துக்குக் கொடுக்கவில்லை. ரயிலுக்குச் சரக்கு வேணும், எல்லையில் ஆள் வேணும். ஊரூராய்ப் பரப்பிய விளம்பரங்கள் குளிரை அடக்கி வாசித்தன. அது வெறுங்காணியுமல்ல, கிறீ முதலான பூர்வகுடிகள் காட்டெருமை வேட்டையாடிய நிலம். இங்கே றெஜைனாப் பக்கம் 1874இல் ஒப்பந்தம் எழுதி, அவர்களை ஒதுக்குநிலங்களுக்குள் தள்ளினார்கள்.

யாழ்ப்பாணத்திலும் காணி தேய்ந்துதான் சனம் புறப்பட்டது. முதுசமும் சீதனமும் காணியை நாலு பரப்பு, இரண்டு பரப்பு என்று நறுக்கின. படித்த பெடியளுக்கும் வேலையில்லை. 1935இல் காணி அபிவிருத்திச் சட்டம் வந்தது. அடுத்த வருசமே இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கியது. காடு வெட்டினவர்களை மலேரியாக் காய்ச்சலும் யானையும் சும்மா விடவில்லை.

ஆனால் குருநகரில் மீன்பிடிக்கிற எங்கட ஆட்களுக்கு வயற்காணி எதுக்கு? மீன் போகும் பக்கம் போய் வாடி போட்டார்கள். பாலைதீவில் நிரந்தரக் குடியில்லை, ஆனால் அந்தோனியார் கோயில் இருக்கு, தொழிலுக்குப் போய்த் தங்கும் எங்கட சனமும் இருக்கு. கிளிநொச்சிக் கமக்காரனுக்கு அரசாங்கம் காணிப் பத்திரம் கொடுத்தது. கடலுக்கு யார் உறுதி எழுதித் தருவார்? அதனால்தான் அந்நிய இழுவைப்படகு வலையை அறுத்துக்கொண்டு போனாலும் கடல் தன்னுடையது என்று காட்ட எங்கட ஆளிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

ஊரில் இடம் போதாதவன் புறப்படுவான், அதில் பிழையில்லை. ஆனால் கூப்பிடுகிறவனுக்கும் ஒரு கணக்கு இருக்கும். வெளிநாட்டு விளம்பரத்தைப் பார்த்து வீட்டை ஈடு வைக்கத் துடிக்கும் எங்கட பெடியளிடம், அந்தக் கணக்கை முதலில் விசாரிக்கச் சொல்லுங்கோ.

அன்புடன்,
உங்கள் தம்பி