துளியும் இமைப்பொழுதும்

தமிழ் இலக்கணம் காலத்தை அளக்க எடுத்துக்கொண்ட கருவி மனித உடலே. இயல்பாகக் கண் இமைக்கும் நேரமும், கைவிரலை நொடிக்கும் நேரமும் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியம் வரையறுத்தது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று நாம் ஆண்டுதோறும் வகுப்பறையில் கற்பிக்கிறோம். பேச்சை அளக்க அவ்வளவு போதும். ஆயினும், இமை மூடித் திறப்பதற்குள் தொடங்கி முடிந்துவிடும் செயல்கள் இவ்வுலகில் எத்தனையோ உள்ளன. அவற்றுள் ஒன்று, ஒரு துளி விழுந்து தெறிப்பது.

அரை மீட்டர் உயரத்திலிருந்து ஒரு துளியை விட்டால், அது தரையைத் தொட ஏறத்தாழ 1/3 விநாடி ஆகும். தொடும்போது அதன் வேகம் விநாடிக்கு 3 மீட்டருக்குச் சற்று மேல். புகைப்படக் கருவியின் ஷட்டரை 1/1000 விநாடிக்கு அமைத்து அதனைப் பிடிக்க முயன்றாலும், அந்நேரத்திற்குள் துளி 3 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். துளியின் குறுக்களவே 4 மில்லிமீட்டர்தான் என்றால், படத்தில் நமக்குக் கிடைப்பது துளியன்று. துளி இழுத்துச் சென்ற ஒரு கறை.

இதற்குக் கண்ட வழி எளிமையானது. ஷட்டரின் நேரத்தைக் குறைப்பதற்கு மாறாக, ஒளியின் நேரத்தைக் குறைக்க வேண்டும். அறையை இருளாக்கி ஷட்டரைத் திறந்தே வைத்தால், இருளில் படச்சுருளில் எதுவும் பதியாது. இடையில் மிகக் குறுகிய ஓர் ஒளி பளிச்சிட்டால், அந்த ஒளி நிலைத்த நேரமே படத்தின் நேரமாகிவிடும். நள்ளிரவில் மின்னல் வெட்டும்போது, காற்றில் ஆடும் தென்னங்கீற்று அசையாது நிற்பதுபோல் நமக்குத் தோன்றுவதும் இதனால்தான்.

இவ்வழியை முதலில் செய்து காட்டியவர் இங்கிலாந்து நாட்டு டால்பட். 1851ஆம் ஆண்டு, சுழலும் சக்கரத்தில் செய்தித்தாள் ஒன்றை ஒட்டி, மின்பொறியின் ஒளியில் அதனைப் படம் பிடித்தார். அதே நாட்டு அறிஞர் வொர்திங்டன், துளிகள் தெறிப்பதை மின்பொறியின் ஒளியில் கண்ணால் கண்டு, பல ஆண்டுகள் கையால் வரைந்து வந்தார். அவர் வரைந்தவை சீர்மை குன்றாதவை. பின்னர் அவரே அத்தெறிப்புகளைப் புகைப்படமாக எடுத்தபோது, உண்மைத் துளிகள் அத்துணைச் சீராக உடைவதில்லை என்பது தெரிய வந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த எட்கர்ட்டன், மின்னணு பிளாஷ் விளக்கை வளர்த்தெடுத்து, 1957இல் பால்துளி ஒன்று தெறித்து முத்துகள் பதித்த மகுடமாக எழும்பும் வண்ணப்படத்தை எடுத்தார். அப்படம் உலகப்புகழ் பெற்றது.

அந்தப் படத்தை நான் முதன்முதலில் கண்டபோது என் நினைவுக்கு வந்தது பசுவின் பாலன்று. குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையில் உள்ள காஹாங் வட்டாரத்தில் பிறந்தவன் நான். என் தாயார் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. எங்கள் வீட்டில் 'பால்' என்றால் முதலில் ரப்பர்ப் பால். தேநீரில் கலப்பது பிறகு. வைகறையில் உளி பட்ட பட்டையிலிருந்து வழியும் அந்தப் பால், தகரப் பீலி வழியாக மங்கில் சொட்டும். என் தாயார் தம் வாழ்நாளில் கண்ட துளிகளுக்குக் கணக்கில்லை. அவற்றுள் ஒன்றேனும் மகுடம் சூடியிருக்குமா என்று அறியும் ஆவல் எனக்கு உண்டாயிற்று.

1984ஆம் ஆண்டுப் பள்ளி விடுமுறையில் அதற்கான முயற்சியில் இறங்கினேன். அக்காலத்துத் தானியங்கி பிளாஷ் விளக்கில், மின்தேக்கியில் சேர்ந்த மின்னாற்றல் செனான் வாயுக் குழலில் பாய்ந்து ஒளியாகும். பொருளிலிருந்து திரும்பிவரும் ஒளி போதிய அளவை எட்டியதும், விளக்கில் உள்ள உணர்கருவி அப்பாய்ச்சலைத் துண்டித்துவிடும். ஆதலின், விளக்கைப் பொருளுக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்கிறோமோ அவ்வளவு விரைவில் ஒளி அணையும். மிக நெருங்கினால் 1/20,000 விநாடி வரையிலும் குறையும். அந்த நேரத்தில் முற்கூறிய துளி நகர்வது 0.15 மில்லிமீட்டரே.

சமையலறைச் சன்னல்களைச் சாக்கால் மறைத்தேன். பால் உறையாதிருக்கச் சில துளி அம்மோனியா சேர்த்தேன். மரத்தில் பீலிக்கும் மங்குக்கும் இடையிலிருந்த நான்கு விரற்கடை உயரத்தை அளந்து வந்து, மருந்துச் சொட்டுக்குழலை அதே உயரத்தில் கட்டினேன். ஒரு படச்சுருளை அந்த உயரத்திலும், மற்றொன்றை அரை மீட்டர் உயரத்திலும் எடுத்து முடித்தேன். விளக்கை இயக்கியது என் விரல். ஆகவே, பெரும்பாலான படங்களில் துளி விழுவதற்கு முன்போ விழுந்த பின்போதான் ஒளி பட்டிருந்தது. குளுவாங்கில் கழுவி வந்த படங்களுள் தேறியவை ஏழு.

நான்கு விரற்கடை உயரத்துப் படங்களில் மகுடம் இல்லை. மெல்லிய விளிம்புடைய ஒரு குழியும், அது மூடியபின் நடுவே எழும் குட்டையான தூணும் மட்டுமே இருந்தன. அரை மீட்டர் உயரத்துப் படம் ஒன்றில், கோணலாயினும் தெளிவாக, முனைகளில் மணிகள் சிதறும் ஒரு மகுடம் நின்றது. அதனையே தாயாரிடம் பெருமையுடன் நீட்டினேன்.

அவர் அதை விளக்கின் அருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இம்புட்டு உசரத்துலேருந்து யாருப்பா பாலை விடுவா? சுத்திவரத் தெறிச்சுப் பாதி மண்ணுக்குத்தானே போவும்? அதுக்குத்தானே மங்கைப் பீலிக்குக் கிட்டக் கட்டுறது!" என்றார். மற்றப் படத்தைக் கையில் எடுத்து, "இதுதான் நம்ம பாலு" என்று சொல்லி, வேலையைப் பார்க்கச் சென்றுவிட்டார்.

நான் அழகு என்று கண்ட மகுடம், அவர் கணக்கில் இழப்பு. மகுடத்தின் முனைகளில் தெறிக்கும் ஒவ்வொரு மணியும் வாளிக்கு வந்து சேராத பால். வாளியின் எடைக்கேற்பக் கூலி மாறும் வாழ்வில் அதன் பொருள் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. இமைப்பொழுதிற்குள் நிகழும் அந்தத் தெறிப்பைத் தொழிலாளர் எவரும் கண்ணால் கண்டதில்லை. ஆயினும், மரத்தடியில் சிதறிக் கிடந்த வெள்ளைப் புள்ளிகளிலிருந்து அதன் காரணத்தை உணர்ந்து, மங்கை உயர்த்திக் கட்டினர். கருவி கணத்தைக் காட்டியது. அக்கணத்தின் விளைவை அவர்கள் முன்பே படித்திருந்தனர்.

இன்று காஹாங் சாலையின் இருமருங்கும் செம்பனை நிறைந்துவிட்டது. உளியையும் மங்கையும் படத்தில் மட்டுமே கண்ட மாணவர்கள் பலர். கையில் தொலைபேசி இருந்தாலும், அதில் உள்ள சிறுவிளக்கு செனான் குழல்போல் ஒரு கணத்தில் வெட்டி அணைவதன்று. இவ்வேலைக்கு அது உதவாது. பழைய பிளாஷ் விளக்கு ஒன்றும் இருண்ட அறையும் இருந்தால், எப்பள்ளியிலும் இச்சோதனையைச் செய்து பார்க்கலாம்.

மாத்திரையைக் கற்பிக்கும் நாளில், நான் அவ்விரு படங்களையும் வகுப்பிற்கு எடுத்துச் செல்வது வழக்கம். எது அழகு என்று மாணவரைக் கேட்பதில்லை. "இவற்றுள் எது தோட்டத்தில் நடந்தது? ஏன்?" என்றே கேட்பேன்.