தண்டவாளம் இல்லாத பாதையில் ஒரு மாலை

வேலை முடிந்து வீடு திரும்புகிறவர் தம்முடன் எதையெல்லாம் சுமந்து வருகிறார் என்பதைக் கதவைத் திறந்துவிடுகிறவர் அறிவதில்லை. சோற்றுப் பாத்திரத்தைச் சமையலறையில் வைத்துவிட்டு, முகம் கழுவி அமர்ந்துவிட்டால், அன்றைய நாள் நல்லபடியாக முடிந்தது என்றே இருவரும் எண்ணிக்கொள்கிறோம். சிங்கப்பூரில் இருபத்திரண்டு ஆண்டுகள் இல்லறம் நடத்திய நாங்களும் அவ்வாறே எண்ணியிருந்தவர்கள்தாம். 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ஒரு புதன்கிழமை மாலை, மரங்கள் அடர்ந்த பாதை ஒன்றில் நாங்கள் சிறிய பெட்டி ஒன்றைத் தேடி நடந்த செய்தியை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பெட்டி தேடுவதாவது, இக்காலத்தில் உலகெங்கும் பரவியுள்ள ஒரு விளையாட்டு. ஜியோகேச்சிங் என்பது அதன் பெயர். ஒருவர் ஒரு சிறு பெட்டியை எங்கேனும் மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எல்லாரும் அறிய வெளியிடுவார். மற்றவர்கள் கைப்பேசியின் துணையுடன் அங்கே சென்று தேடுவார்கள். கண்டெடுத்தவர் உள்ளேயிருக்கும் குறிப்பேட்டில் தம் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். உள்ளிருக்கும் சிறு பொருள்களில் ஒன்றை எடுத்துக்கொண்டால், அதற்கு ஈடான வேறொன்றை வைக்கவேண்டும். மண்ணைத் தோண்டிப் புதைத்தல் ஆகாது. உண்பொருள் வைத்தலும் ஆகாது. பொன்னும் இல்லை, பரிசும் இல்லை, தேடுவதே இன்பம்.

இவ்விளையாட்டு பிறந்த நாளும் தெரிந்ததே. விண்ணில் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் செயற்கைக் கோள்களின் குறியொலிகளைக் கொண்டு, நாம் நிற்கும் இடத்தை அறியும் முறையை அமெரிக்கா அமைத்தது. ஆயினும் பொதுமக்களின் கருவிகளுக்குக் கிடைத்த குறிகளில் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. அதனால் நூறு மீட்டர் வரையிலும் இடம் தவறும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழை நீக்கப்பட்டது. அடுத்த நாளே, மே 3ஆம் தேதி, ஆரெகன் மாநிலத்தில் போர்ட்லண்டு நகருக்கு அருகே டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் குறிப்பேட்டையும் சில பொருள்களையும் வைத்துக் காட்டில் மறைத்து, அவ்விடத்தின் எண்களை வெளியிட்டார். சில நாள்களுக்குள் அது கண்டெடுக்கப்பட்டது. இன்று அத்தகைய பெட்டிகள் உலகில் முப்பது இலட்சத்திற்கும் மேல் உள்ளன.

எங்களுக்கு இதைச் சொன்னவர் எங்களுள் மனைவியுடன் கணக்குப் பிரிவில் பணிபுரியும் ஒரு பெண்மணி. அவ்வாண்டு பிப்ரவரியில்தான் எங்கள் ஒரே மகள் மேற்படிப்புக்காக ஆஸ்திரேலியா சென்றாள். அவள் போனபின் எங்கள் அடுக்குமாடி வீட்டில் பேச்சுக் குறைந்தது. சண்டை ஒன்றும் இல்லை. கேட்டதற்கு விடை உண்டு. கேட்காமல் வந்த சொல்தான் இல்லை. “வாரத்தில் ஒரு மாலையாவது இருவரும் வெளியே நடந்து வாருங்கள்” என்றார் அந்தப் பெண்மணி. பழைய இரயில் பாதையில், புக்கித் தீமா காட்டோரத்தில் இருக்கும் ஒரு பெட்டியையும் அவரே குறித்துக் கொடுத்தார். இடத்தைக் கேட்டதும் கணவர், “வேறு இடம் பார்க்கலாமே” என்றார். காரணம் சொல்லவில்லை. மனைவி அதைப் பொருட்படுத்தவும் இல்லை.

குறித்த நாளில், மாலை ஐந்தே முக்காலுக்கு, கிங் ஆல்பர்ட் பார்க் நிலையத்தின் வாயிலில் சந்தித்தோம். இருவர் தோளிலும் பை, பைக்குள் காலிப் பாத்திரம். சாலையோரப் படிகளில் ஏறினால் பழைய இரும்புப் பாலம். அதில் நினைவுக்காகச் சிறிது தண்டவாளம் விட்டு வைத்திருக்கிறார்கள். தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து மலாயா நோக்கி ஓடிய வண்டிகள் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு நின்றன; மறுநாள் அந்நிலம் சிங்கப்பூருக்குத் திரும்பியது. தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்த பின், தெற்கிலிருந்து வடக்கே 24 கிலோமீட்டர் நீளத்திற்கு அது நடைபாதையாயிற்று. வண்டி ஓடிய வழியில் இப்போது மக்கள் நடக்கிறார்கள்.

பாலத்தைக் கடந்ததும் புக்கித் தீமா இரயில் நிலையம். 1932ஆம் ஆண்டு எழுந்த சிறிய செங்கல் கட்டடம் அது. செப்பனிடப்பெற்று 2022இல் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கே நின்று பார்த்தபோது, அந்நாளைய ஏற்பாடு ஒன்று எங்கள் மனத்தில் பதிந்தது. பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிராக இரு வண்டிகள் அதில் நுழைந்துவிட்டால் விபத்து உறுதி. ஆகவே நிலைய அதிகாரி கையளிக்கும் சாவி ஒன்றைப் பெற்றுக்கொண்ட ஓட்டுநரே அடுத்த பகுதிக்குள் வண்டியைச் செலுத்தலாம். கடைசி நாள்வரை அந்நிலையத்தில் சாவி கைமாறிக்கொண்டே இருந்தது.

அங்கிருந்து வடக்கே நடந்தோம். ஒரு பக்கம் புக்கித் தீமா இயற்கைக் காப்பகத்தின் காடு. மறுபக்கம் மரங்களுக்கு அப்பால் நகரத்தின் இரைச்சல். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஓரத்துப் பெரணிகளில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. சில்வண்டுகளின் ஒலி தொடங்கியிருந்தது. கணவர், “இங்கே பள்ளம் உண்டு, ஓரமாக வா” என்றார். சற்றுத் தொலைவு போனபின், “அதோ அந்த இருக்கைக்குப் பதினொரு மணிக்குக் குரங்குகள் வரும், பையைத் திறக்கவே விடா” என்றார்.

மனைவி நின்றுவிட்டார். “பதினொரு மணிக்கா? இந்த வழி உங்களுக்கு எப்படித் தெரியும்?”

கணவர் விடை சொல்லச் சிறிது நேரமாயிற்று. பத்தொன்பது ஆண்டுகள் பணிபுரிந்த இடத்தில் ஆட்குறைப்பு. அவருடைய பெயரும் பட்டியலில் இருந்தது. பதினெட்டு வேலைநாள்களாக அவருக்கு வேலை இல்லை. மகளின் கட்டணம் கட்டவேண்டிய மாதத்தில் அதை எப்படிச் சொல்வது என்று, நாளைக்குச் சொல்லலாம் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டிருக்கிறார். காலையில் வழக்கம்போல் புறப்பட்டு, இந்தப் பாதையில் நடந்தும், அமர்ந்தும், வேலை கேட்டு விண்ணப்பங்கள் அனுப்பியும், மாலையில் வழக்கம்போல் வீடு திரும்பியிருக்கிறார்.

மனைவி அப்போது கேட்டது வேலையைப் பற்றியன்று. “பதினெட்டு நாளும் சோறு கட்டிக் கொடுத்தேனே, எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்?” என்றார்.

அந்த இருக்கையைக் கணவர் காட்டினார். பெரிய மரத்தடியில் ஒரு பலகை. நாங்கள் இருவரும் அதில் அமர்ந்தோம். யார் கண்ணில் முதலில் நீர் வந்தது என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. கோபமும் இருந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறோம். வேலை போனதைவிட, போனதை மறைத்ததுதான் வலித்தது. அதை மனைவி சொன்னார், கணவர் மறுக்கவில்லை.

சிறிது நேரம் கழித்து, “வந்தது வந்தோம், பெட்டியைப் பார்த்துவிட்டுப் போவோம், இருட்டிவிடும்” என்று எழுந்தார் மனைவி.

கைப்பேசியில் அந்த இடத்தின் எண்கள் வடக்கு 1 பாகை 20 கலை, கிழக்கு 103 பாகை 46 கலை என்று தொடங்கி, கலையின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை சென்றன. பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை. நிலநடுக்கோட்டிற்கு இவ்வளவு அருகே, எத்திசையிலும் கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறத்தாழ 1.8 மீட்டர், ஓர் ஆள் உயரந்தான். கணக்கு இவ்வளவு நுட்பமாயினும் கருவி அவ்வளவு நுட்பமன்று. திறந்த வெளியிலேயே ஐந்து மீட்டர் அளவு பிசகலாம். இலைக் கூரையின் கீழ் இன்னும் கூடும். அம்புக்குறி எங்களை முன்னும் பின்னுமாக அலைக்கழித்தது. ஒருவர் கைப்பேசியைப் பார்த்துத் தொலைவைச் சொல்ல, மற்றவர் குனிந்து வேர்களையும் கற்களையும் பார்த்தோம். பிறகு மாற்றிக்கொண்டோம். பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்க வேண்டியதில்லை என்று முன்பே குறிப்பிட்டிருந்தார்கள். “கையருகே, கண்ணுக்கு மேலே” என்பது மறைத்தவர் தந்த குறிப்பு. நாங்களோ தரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மிதிவண்டியில் வந்த இளைஞர் இருவர் எங்களை விசித்திரமாகப் பார்த்துச் சென்றனர். இருபது நிமிடம் கழித்து, வேலிக் கம்பத்தின் தலைப்பில் மூடிபோல் பொருந்தியிருந்த ஒன்றைக் கணவர் திருகினார். உள்ளே, நீர் புகாத சிறு குப்பியில் சுருட்டிய தாள். எங்களுக்கு முன் வந்தவர்களின் பெயர்கள் பல மொழிகளில் இருந்தன. உடனிருந்த பென்சில் முனை ஒடிந்து கிடந்தது. மனைவியின் பையில், மகளின் பள்ளிநாளில் மிஞ்சிய குட்டைப் பென்சில் ஒன்று இருந்தது. அதனால் தேதியை எழுதி, எங்கள் இருவர் பெயரையும் ஒரே வரியில் எழுதினோம். அந்தப் பென்சிலையே உள்ளே விட்டு மூடினோம்.

ஹில்வியூ பக்கம் வந்து சேர்கையில் நன்றாக இருட்டிவிட்டது. அருகில் ஒரு கடையில் தே தாரேக் வாங்கிக்கொண்டு, கைதுடைக்கும் தாளில் கணக்குப் போட்டோம். கையிருப்பு இவ்வளவு, வீட்டுக் கடன் இவ்வளவு, மகளின் கட்டணம் இவ்வளவு. எண்கள் அச்சமூட்டின. ஆயினும் அவை இப்போது ஒருவருடைய பையில் மறைந்திருக்கவில்லை. இருவர் நடுவே மேசைமேல் இருந்தன. அன்றிரவே மகளிடமும் சொன்னோம். அவள் அழவில்லை, பகுதிநேர வேலை ஒன்று தேடிக்கொள்வதாகச் சொன்னாள்.

கணவருக்கு வேறு வேலை கிடைக்க ஏழு மாதங்கள் ஆயின. சம்பளம் முன்னிலும் குறைவு. எங்கள் புதன்கிழமை நடை மட்டும் நிற்கவில்லை. இதுவரை பதினொரு பெட்டிகளைக் கண்டுள்ளோம். ஐந்தைக் காணாமல் திரும்பினோம். காணாதபோது காணவில்லை என்று பதிவு செய்வது இவ்விளையாட்டின் மரபு. அதில் வெட்கம் இல்லை. அடுத்து வருகிறவருக்கும், மறைத்து வைத்தவருக்கும் அது உதவி.

வாசகர்கள் பெட்டி தேடவேண்டும் என்று நாங்கள் சொல்லவரவில்லை. பேருந்து நிறுத்தம்வரை நடந்தாலும் போதும். ஆனால் உடன் நடப்பவர், நீங்கள் அறியாத ஒரு வழியில் பள்ளம் மேடெல்லாம் தெரிந்தவராக நடந்தால், நின்று கேளுங்கள். கேட்டுவிட்டு, விடை வரும்வரை காத்திருங்கள்.