புளியமரத்தடி 1210

மே 3, 2025, சனி

ஓடினால் ஒரு விலை, ஓடாவிட்டால் எடைக்குத்தான். வாங்க வருகிறவர் போனில் சொன்னது இவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை வருகிறாராம். ஒரு வாரம் இருக்கிறது.

வண்டி டாடா 1210 லாரி. சங்ககிரிப் பக்கம் எங்கள் தோட்டத்துப் புளியமரத்தடியில் 2015-லிருந்து நிற்கிறது. எஃப்.சி. (தகுதிச் சான்று) முடிந்தது, அப்பாவுக்கு முழங்கால் போனது, லோடும் குறைந்தது. மூன்றில் எது முதலில் என்று வீட்டில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆயுத பூஜைக்கு மட்டும் கழுவிப் பொட்டு வைத்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்போம். நகராத வண்டி எப்படிப் பழத்தை நசுக்கும் என்று தங்கை வருடா வருடம் கேட்பாள்.

ஆயில் மாற்றி, என்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தேன். சுற்றுகிறது. பிடிக்கவில்லை என்பதே பெரிய ஆறுதல். பிறகு டேங்கின் அடி போல்ட்டைக் கழற்றி, முதலில் வந்ததை ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்து வைத்தேன். கால் மணி நேரத்தில் அது மூன்றாகப் பிரிந்தது. அடியில் செம்மண் கலங்கல்போல் தண்ணீர். மேலே கடுங்காப்பி நிறத்தில் டீசல். இரண்டுக்கும் நடுவில் ஆறிய கஞ்சியின் ஆடை மாதிரி ஒன்று. குச்சியால் தூக்கினால் நூலாக வருகிறது.

பாதி டேங்கோடு நிறுத்தியதன் பலன் இது. மீதிப் பாதி காற்று. பகலில் தகரம் காய்ந்து காற்று வெளியே போகும், இரவில் ஈரக்காற்று உள்ளே வரும், ஈரம் சுவரில் வேர்த்து இறங்கும். தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் தங்கிவிடும். இரண்டும் தொடுகிற இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறும். குடிக்கத் தண்ணீர், தின்ன டீசல், பத்து வருட வாசம். நடுவில் மிதக்கும் அந்த ஆடை அவற்றின் வேலைதான்.

மே 4, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் ஆரம்பம். காலை ஆறு மணிக்கே வேலையைத் தொடங்கினேன்.

டேங்கைக் கழுவிப் புது டீசல் இருபது லிட்டர். இரண்டு ஃபில்டரும் புதிது. இரவல் பேட்டரி. ஏர் எடுக்க வேண்டும். ஃபீட் பம்ப்பின் தலையில் இருக்கும் கைப்பிடியைத் திருகித் தளர்த்தி, மேலும் கீழும் அடித்து, ஃபில்டர் மேலுள்ள ஸ்குருவைத் திறந்து நுரை போகும்வரை விட்டு மூடினேன். பிறகு இன்ஜெக்‌ஷன் பம்ப்பிலும் அப்படியே. செல்ஃப் கொடுத்ததும் மூன்றாவது தடவையில் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை, அப்புறம் கருப்பு, அப்புறம் அந்தச் சத்தம். திண்ணையிலிருந்து அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

நாலு நிமிடம்.

ஸ்டாப் கம்பியை இழுத்தால் நிற்பதுபோல் பட்டென்று நிற்கவில்லை. மூச்சிரைத்து, ஏறி இறங்கி, தள்ளாடி நின்றது. டீசலுக்காக ஏங்கி நின்ற நிற்பு அது. கைப்பிடியை மறுபடி அடித்தேன். மேலே இழுத்தால் யாரோ உள்ளிருந்து பிடித்து இழுப்பதுபோல் கனம், விட்டால் தானாகக் கீழே போகிறது. ஸ்குருவைத் திறந்தால் நுரையும் இல்லை, டீசலும் இல்லை. வழியில் காற்று இழுத்தால் கைப்பிடி லேசாக வரும், நுரை தீரவே தீராது. இது அப்படியில்லை. அடைப்பு.

மே 5, திங்கள்

பக்கத்து டவுனில் பம்ப் கடையில் கேட்டேன். வண்டியைப் பார்க்காமலே, “பம்ப்பை இறக்கிக் கொண்டாந்துடுங்க. பதினைஞ்சாயிரத்துக்குக் குறையாது” என்றார்கள்.

இறக்கவில்லை. கேன் வைத்துப் பார்ப்பதென்று முடிவு செய்தேன். டேங்கிலிருந்து வரும் லைனைக் கழற்றிவிட்டு, ஃபீட் பம்ப்பிலிருந்து புது டியூபை நேரே ஐந்து லிட்டர் கேனுக்குள் விடுவது. இதில் பலரும் ஒரு தப்பு செய்கிறார்கள், நானும் முதலில் செய்தேன். கேனை பானட்டுக்குப் பக்கத்தில் உயரமாகக் கட்டினேன். உயரத்தில் இருந்தால் டீசல் தானே இறங்கிவிடும். ஃபீட் பம்ப் செத்திருந்தாலும் தெரியாது. பிறகு கேனை இறக்கித் தரையில் வைத்தேன். இப்போது பம்ப் உறிஞ்சித்தான் ஆக வேண்டும்.

நாற்பது நிமிடம் ஓடியது. நானாகத்தான் நிறுத்தினேன். பம்ப், நாசில், ஃபில்டர் எதிலும் குற்றமில்லை. கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில். பதினைந்தாயிரம் சட்டைப்பையிலேயே இருக்கிறது.

மே 6, செவ்வாய்

டேங்க் மூடியைத் திறந்து வைத்து, லைனின் என்ஜின் பக்க முனையில் கம்ப்ரஸர் காற்று விட்டேன். டேங்குக்குள் முதலில் ஒன்றுமில்லை, பிறகு ‘களக்’கென்று ஒரு உருண்டை, பிறகு கொதிக்கும் சாம்பார்போல் குமிழி. வழி திறந்துவிட்டது என்று நினைத்தேன். ஃபீட் பம்ப்புக்குக் கீழே உள்ள பவுலைக் கழற்றினால் சல்லடை முழுக்க அதே கஞ்சி ஆடை. மண்ணெண்ணெயில் கழுவி மாட்டினேன்.

ஓடியது. இருபது நிமிடம் கழித்து அதே தள்ளாட்டம், அதே நிற்பு. எரிச்சலில் டேங்க் மூடியைத் திருகினேன். ‘புஸ்’.

மூடியில் காற்றுப் போகிற துளை இருக்க வேண்டும். இருந்த இடத்தில் குளவி மண் கூடு கட்டிக் காய்ந்து போயிருக்கிறது, மூடியின் நிறத்திலேயே. டீசல் குறையக் குறையக் காற்று உள்ளே வராவிட்டால் பம்ப் எதை உறிஞ்சும்? மண்ணைக் குடைந்தால் பழைய துளையும் துருப்பிடித்து மூடிக் கிடந்தது. பக்கத்தில் புதுசாக ஒன்று போட்டேன். இன்று இரவு நல்ல தூக்கம்.

மே 7, புதன்

பதினொரு நிமிடத்தில் நின்றது. மூடியைக் கழற்றி வைத்துவிட்டே ஓட்டினேன், பன்னிரண்டு நிமிடம். ஊதினேன், குமிழி வந்தது. ஓட்டினேன், நின்றது. எழுத ஒன்றுமில்லை.

மே 8, வியாழன்

இந்த வண்டியைப் பதினான்கு வருடம் ஓட்டிய டிரைவர் அண்ணாவை அழைத்து வந்தேன். கண் ஆபரேஷன் ஆனவர், கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். என்னிடம் கேட்பதற்கு முன் வண்டியின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினார். நான் நான்கு நாள் கதையையும் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, “ஊதுனா வழி உடுதுங்களா தம்பி?” என்றார்.

“நல்லா விடுதுங்கண்ணா.”

“பம்ப்பு ஊதுதா, உறிஞ்சுதா?”

எனக்கு அப்போதும் புரியவில்லை. செம்புக் குழாயையும் ஃபீட் பம்ப்பையும் இணைக்கிற ரப்பர் ஹோஸைக் கழற்றச் சொன்னார். ஒரு முழம் இருக்கும். வெளியே ஒரு வெடிப்புக்கூட இல்லை, அதனால்தான் நான் அதைத் தொடவே இல்லை. டீசலை வடித்து, துணியால் துடைத்து, ஒரு முனையை வாயில் வைத்து ஊதினார். மறுமுனையில் என் உள்ளங்கையில் காற்று. பிறகு உறிஞ்சினார். கன்னம் குழிந்தது, கையில் ஒன்றுமில்லை. துப்பிவிட்டு வெற்றிலைக்குப் போய்விட்டார். (இதை யாரும் பழக வேண்டாம். டீசல் நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான்.)

பிளேடால் நெடுக்காகக் கிழித்தேன். உள்பக்க ரப்பர் ஊறி, தோல் உரிந்து, ஒரு அங்குல நீளத்துக்கு நாக்கு மாதிரி தொங்குகிறது. விரலால் ஒரு பக்கம் தள்ளினால் சுவரோடு படிந்து வழிவிடுகிறது, மறுபக்கம் தள்ளினால் எழுந்து ஓட்டையை அடைக்கிறது. என்ஜின் பக்கத்திலிருந்து நான் விட்ட காற்று ஒவ்வொரு முறையும் நாக்கைப் படியவைத்தது. பம்ப்பின் உறிஞ்சல் கொஞ்சம் கொஞ்சமாக அதை எழுப்பியது. இரண்டு நாளாக நான் கதவைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, திறக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மே 9, வெள்ளி

புது டீசல் ஹோஸ், இரண்டு கிளிப், பாஞ்சோ போல்ட்டுகளுக்குப் புது செம்பு வாசர். பழையதை மறுபடி போட்டால் அங்கே காற்று இழுக்கும், அது இன்னொரு வாரத்துக் கதையாகிவிடும். ஒன்றரை மணி நேரம் ஓடவிட்டேன். அப்பா ஏறி உட்கார்ந்து, கியர் போடாமல் ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்.

மே 10, சனி

வாங்குகிறவர் வந்தார். ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் கேட்டார். டேங்க் மூடியில் புது ஓட்டை எதற்கு என்று விசாரித்தார், சொன்னேன். ஓடுகிற வண்டியின் விலையைக் கொடுத்தார்.

செலவு: ஃபில்டர், ஹோஸ், கிளிப், வாசர் எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குள். டீசலும் ஆயிலும் தனி.

எஃப்.சி. இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்ட முடியாது. டிரெய்லர் கொண்டுவந்திருந்தார். சரிவுப் பலகையில் 1210 தானாகவே ஏறியது, ஏறியபின் என்ஜினை நிறுத்திச் சங்கிலி போட்டுக் கொண்டுபோனார்கள்.