ஐப்பசி மழையில் அரங்கனை நோக்கி

சென்னையிலிருந்து மிதிவண்டியில் தலயாத்திரையாகத் திருவரங்கம் வரும் அன்பருக்கு, முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்நெடுவழியில் கடைசிப் பகுதியே பெருஞ்சோதனை. அதிலும் ஐப்பசி அடைமழையில் வருபவர் பாடு சொல்லி முடியாது.

பெரம்பலூரைக் கடந்தபின் சாலையின் இருமருங்கும் பெரும்பாலும் வெட்டவெளி. ஒதுங்க மரநிழலும் அரிது. வாடைக்காற்று மழையைச் சாய்த்து இடக்கன்னத்தில் அறையும். வலப்புறம் விரையும் லாரிகள் சேற்றுநீரை வாரி இறைக்கும். தெளிந்த நாளாயின் 236 அடி உயர இராஜகோபுரம் தொலைவிலேயே தோன்றி வழித்துணையாகும். 1987இல் குடமுழுக்குக் கண்ட அப்பதின்மூன்று நிலைக் கோபுரம் மழைத்திரையில் மறைந்துவிட்டால், கண்ணுக்கு இலக்கின்றியே மிதிக்க வேண்டும். சமயபுரத்தில் இறங்கி ஆத்தாளை வணங்கி, ஈர உடையைப் பிழிந்துகொண்டு புறப்படலாம். மாரி என்றால் மழை என்றும் பொருளுண்டே. அவள் எல்லையில் மழையை நொந்துகொள்வதற்கில்லை.

ஒன்றாம் எண் டோல்கேட்டைத் தாண்டியதும் கொள்ளிடம். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகன்ற ஆற்றின்மேல் காற்றைத் தடுக்க எதுவுமில்லை. கீழே செந்நிறப் புதுவெள்ளம் சுழித்தோடும். பாலத்தின் நடுவே காற்று ஓங்கினால் இறங்கி உருட்டிச் செல்வதே அறிவுடைமை. யாத்திரைக்கு அதனால் குறைவு ஏதுமில்லை. வெள்ளம் பெருகி, கடக்க வேண்டாமெனக் காவலர் தடுப்பின் வடகரையிலேயே தங்கிவிட வேண்டும். இந்த ஆற்றின் வலிமை அத்தகையது. 1928இல் கட்டப்பட்ட பழைய இரும்புப்பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் சரிந்து, பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. அதே மாதம் 22ஆம் நாள் இரவு, மேற்கே முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகளும் இடிந்தன. நல்வேளையாக அப்பாலத்தில் வாகனப் போக்குவரத்து முன்னரே நிறுத்தப்பட்டிருந்தது. 1977 நவம்பர்ப் புயலில் திருச்சி வெள்ளக்காடானதை நேரில் கண்ட முதியோர் இன்றும் பலருண்டு, அதுவும் ஐப்பசியே.

பாலம் இறங்கினால் திருவானைக்கா. நாள்முழுதும் நீரில் நனைந்து வருபவரை வரவேற்பது அப்புத்தலம்! உள்ளே சம்புகேசுவரர் கருவறையிலும் நீர் ஊற்றெடுத்து நிற்கிறது. புறத்தே துன்பமாய்த் தோன்றிய நீர், ஈண்டு இறைவன் திருமேனியாகவே வணங்கப்படுகிறது.

இத்தனை இடரையும் தாங்கி ஐப்பசியில் வருவதேன் என்னும் கேள்விக்கு மறுநாள் காலை அம்மா மண்டபத்தில் விடை கிடைக்கும். கங்கை முதலான புண்ணிய நதிகள் யாவும் துலாமாதத்தில் காவிரியில் நீராட வருவதாக ஐதிகம். ஆண்டின் பிற மாதங்களில் நம்பெருமாள் திருமஞ்சனத்துக்குக் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக்குடங்களில் தீர்த்தம் செல்லும். ஐப்பசியில் மட்டும் தென்காவிரியிலிருந்து தங்கக்குடத்தில், யானைமீது செல்லும். வெள்ளம் மிகுந்த நாளில் படித்துறையில் பொதுமக்கள் இறங்கத் தடையிருக்கும். கரையில் நின்று தலையில் நீர் தெளித்துக்கொள்வதோடு சரி.

தூறல் விடாத அந்தக் காலையில், மேளம் முன்செல்ல, பொற்குடம் சுமந்த யானை இராஜகோபுரத்தை நோக்கி நடக்கிறது. மிதிவண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கால்வலியோடு அன்பரும் பின்தொடர்கிறார்.