நீல மூடிக் குழாய்

காலை 8 மணிக்கு வாட்டர் பாத்தின் சூடு 37 டிகிரியைத் தொட்டாக வேண்டும். ரத்த உறைதல் ஆய்வகத்தில் முப்பது வருடம் கழித்த அந்த டெக்னீஷியனுக்குப் பொழுது விடிவதே அந்தத் தெர்மாமீட்டரில்தான். கருவிகள் வந்து வெகுகாலமாகிவிட்டது. ஆனாலும் சந்தேகம் தட்டினால் கண்ணாடிக் குழாயைக் கையில் எடுத்து, தண்ணீரில் முக்கி, விளக்குக்கு நேராகச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். 35 விநாடியில் திரள வேண்டிய பிளாஸ்மா 90 விநாடி தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தால், முழங்கால் வீங்கிய பையனோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தாயை ஒருமுறை எட்டிப் பார்ப்பார்.

நீல மூடிக் குழாயில் கோடு வரை ரத்தம் இல்லையென்றால் வாங்கவே மாட்டார். 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட். ரத்தம் குறைந்தால் சிட்ரேட் மிஞ்சிப்போய், நல்ல ரத்தமும் உறையாத ரத்தம்போலத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அரைக்குழாயை நம்பி ரிப்போர்ட் எழுதி, ஒரு குடும்பத்தை இரண்டு நாள் தூங்கவிடாமல் அடித்தவர் அவர்.

ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா நோய் நாட்டில் எத்தனை பேருக்கு என்று கேட்டால் அவர் சட்டென்று பதில் சொல்வதில்லை. 2019இல் வெளியான பன்னாட்டு மதிப்பீடு ஒன்று, நல்ல பதிவேடு உள்ள சில நாடுகளை வைத்து, லட்சம் ஆண்களில் 17 பேருக்கு ஹீமோபிலியா ஏ, ஏறக்குறைய 4 பேருக்கு பி என்றது. 70 கோடிக்கு மேல் ஆண்கள் உள்ள இந்தியாவில் இது ஒன்றரை லட்சத்தை நெருங்கும். ஹீமோபிலியா ஃபெடரேஷன் 1983இலேயே இங்கே தொடங்கிவிட்டது. அப்படியும் பதிவானவர்கள் அந்த ஒன்றரை லட்சத்தில் கால் பங்குகூட இல்லை. அதே மதிப்பீட்டில் இன்னொரு எண்ணும் உண்டு: ஏ வகையோடு பிறப்பவர்கள் லட்சம் ஆண் குழந்தைகளில் 25 பேர். பிறந்தது 25, இருப்பது 17. இடைவெளியில் பெரும்பகுதி ஆயுள் முடியுமுன் போய்ச் சேர்ந்தவர்கள். அதுவும் வசதியான நாடுகளில்.

ஹீமோபிலியாவாவது மூட்டு வீங்கிக் காட்டிக்கொடுக்கும். வான் வில்லிபிராண்ட் என்ற இன்னொரு ரத்தப்போக்கு நோய் அப்படியல்ல. 1926இல் பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட் அதை முதன்முதலில் எழுதியது, ஆலந்து தீவுக் குடும்பம் ஒன்றின் சிறுமியைப் பார்த்துத்தான். அந்தப் பெண் 13 வயதில், நான்காவது மாதவிலக்கில் ரத்தம் நிற்காமல் இறந்தாள். மருத்துவரிடம் வரும் அளவுக்கு ரத்தம் போகிறவர்களை மட்டும் எண்ணினாலே ஆயிரத்தில் ஒருவர் என்கிறார்கள். 140 கோடிக்கு 14 லட்சம். நம் பதிவேட்டில் இருப்பது அதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

காரணம் அவர் ஆய்வகத்தின் வாசலிலேயே நிற்கிறது. ஹீமோகுளோபின் 6க்கு இறங்கி, ரத்தம் ஏற்றிக்கொண்டு வந்த எட்டாம் வகுப்புப் பெண்ணின் அம்மா ஒருநாள் சொன்னார்: "எனக்கும் பத்து நாள் போகும் சார், எங்கம்மாவுக்கும் அப்படித்தான். எங்க குடும்பத்து உடம்புவாகு." மூன்று தலைமுறை ரத்தப்போக்குக்கு வைத்த பெயர் உடம்புவாகு! இதில் சாதாரண உறைதல் சோதனை கைகொடுப்பதும் இல்லை. நோய் லேசாக இருந்தால் விநாடிக் கணக்கு சரியாகவே வரும். தனிச் சோதனை கேட்டால்தான் பிடிபடும். அதை எழுதிக் கேட்கும் டாக்டர்கள் குறைவு.

மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் முடிக்கும் ஊர்களில் வேறொரு நோய்க் கூட்டம். கிளான்ஸ்மன் நோய், ஃபாக்டர் 13 என்ற உறைதல் புரதத்தின் குறைபாடு என்று மற்ற இடங்களில் பல லட்சத்தில் ஒருவருக்கு வருவதுகூட இங்கே அவர் கைக்கு அடிக்கடி வரும். தொப்புள்கொடி விழுந்த இடத்தில் ரத்தம் கசியும் பச்சைக் குழந்தைக்கு எல்லா ரிப்போர்ட்டும் நார்மல் என்றிருந்தால் அவர் யூரியா பாட்டிலை எடுப்பார். குழந்தையின் உறைகட்டியைக் கரைசலில் போட்டு வைப்பார். நல்ல கட்டி மறுநாள் காலையிலும் அப்படியே கிடக்கும். ஃபாக்டர் 13 இல்லாத கட்டி, அவர் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் சர்க்கரைபோலக் கரைந்திருக்கும். இதற்கு லட்ச ரூபாய்க் கருவி ஒன்றும் வேண்டாம்.

பையனுக்கு ஹீமோபிலியா என்ற ரிப்போர்ட்டை நீட்டும்போது தாயிடம் அவர் தவறாமல் சொல்வது ஒன்றுதான்: "உங்களுக்கும் ஃபாக்டர் அளவு பார்த்துடணும்மா. அக்கா தங்கச்சி இருந்தா அவங்களையும் கூட்டிட்டு வாங்க. பல் பிடுங்கறதுக்கும் பிரசவத்துக்கும் முன்னாடியே வந்துடணும்."